பால்சா விமானப் பாகங்களை வீட்டு சிஎன்சியில் வெட்டுவது: முழுமையான வழிகாட்டி

3018 வகை சின்ன சிஎன்சி இயந்திரம் (கணினி காட்டும் பாதையில், சுழலும் பிட்டால் பலகையை வெட்டும் கருவி) வாங்குபவர்கள் முதல் வாரம் வாசலுக்குப் பெயர்ப்பலகை செதுக்குவார்கள். அடுத்த வாரம் சாவிக்கொத்து. அப்புறம் அது கட்டிலுக்கடியில் போய்விடும். பால்சா என்ற இலேசான மரத்தில் மாதிரி விமானம் கட்டுகிறவர் வீட்டில் மட்டும்தான் அது தொடர்ந்து சம்பாதித்துக் கொடுக்கும். சிறகுக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குத் துண்டுகளான ரிப்களை, ஒரே அச்சில் 13 என்று கத்தியால் வெட்டி, அடுக்கி, உப்புத்தாள் போட்டுச் சமன் செய்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பால்சா அக்ரிலிக் மாதிரியும் நடக்காது, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மாதிரியும் நடக்காது. இயந்திரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெட்டும். பலகை எந்த இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் இந்த வேலையின் பெரும்பகுதி ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மரத்தைப் பார்த்து எடுப்பது, வரைபடத்தைச் சரியாகப் போடுவது, பலகையை அசையாமல் பிடித்துவைப்பது ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், மலிவான இயந்திரத்திலும் நல்ல ரிப் வரும். இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி நிறையவும் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு விமானத்தை வைத்துக்கொள்வோம். சிறகின் நீளம் 900 மி.மீ., அகலம் 135 மி.மீ., கிளார்க் ஒய் என்ற சிறகு வெட்டுமுக வடிவம், சின்ன மின்மோட்டார், பேட்டரியோடு சேர்த்து 250 கிராமுக்குள். இந்த 250 என்ற எண் சும்மா வந்ததில்லை. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ஆளில்லா விமானம் எதுவாக இருந்தாலும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்த பிறகே பறக்கவிடலாம். 2020 முதல் இதுதான் சட்டம். ரிமோட்டில் ஓடும் பால்சா விமானத்துக்கும் இது பொருந்தும். பதிவு செய்வதில் தவறொன்றும் இல்லை. ஆனாலும் எடையை அந்த எல்லைக்குள் அடக்குவது நல்ல பயிற்சி. இலேசான விமானம் மெதுவாகப் பறக்கும், மெதுவாக விழும், விழுந்தாலும் குறைவாக உடையும்.

லேசர் இருக்கும்போது இது எதற்கு?

"அண்ணே, லேசர்ல போட்டா நிமிஷத்துல வெட்டிடுமே?" என்று கேட்பார்கள். உண்மைதான். 1.5 மி.மீ. பால்சாவில் ரிப் மட்டும் வெட்டுவதென்றால் லேசர் வேகம். ஆனால் வெட்டிய ஓரமெல்லாம் கருகும். புகை வரும், அந்தப் புகையை வீவக அடுக்குமாடி வீட்டுச் சன்னல் வழியாக வெளியே தள்ளினால் மேல்வீட்டுக்காரர் துணி காயப்போடும் கம்புக்குத்தான் போய்ச் சேரும். சிஎன்சியில் தூசியும் சத்தமும் உண்டு, புகை கிடையாது. அதோடு, பாதி ஆழம் மட்டும் இறங்கும் பள்ளம், 6 மி.மீ. கனமான சிறகு நுனி, மோட்டார் பொருத்தும் பிளைவுட் என்று சிஎன்சிதான் வசதியாகச் செய்யும் வேலைகளும் இருக்கின்றன. இரண்டும் கைவசம் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: மரத்தை எடுப்பது

பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. ஒரே கட்டாக வந்த இரண்டு பலகைகளுக்கு இடையே எடை இரண்டு மடங்கு வேறுபடலாம். கடையில் 100 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளம் என்ற அளவில் அடுக்கி வைத்திருப்பார்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் உள்ள கலைப்பொருள் கடைகளில் தேடலாம். இல்லாவிட்டால் மாடல் கடைகள், இணையம். நேரில் போய் எடுக்க முடிந்தால் நேரில் போங்கள். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. முஸ்தஃபாவில் சமையல் சாமான் பக்கம் பார்த்தால் கிடைக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

1.5 மி.மீ. பலகை 14 கிராம் இருந்தால் அது கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ, அதாவது இலேசான மரம். அதே பலகை 22 கிராம் காட்டினால் 160 கிலோ, நடுத்தரம். 3 மி.மீ. பலகைக்கு இதே கணக்கு 27 கிராம், 44 கிராம். பலகையின் ஓரத்தில் இந்த எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

எங்கே இலேசான மரம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நம் கிளார்க் ஒய் ரிப்பின் பரப்பு 1,450 சதுர மி.மீ. அளவில் வரும். 1.5 மி.மீ. கனத்தில், இலேசான மரத்தில் ஒரு ரிப் 0.22 கிராம், நடுத்தர மரத்தில் 0.35 கிராம். 13 ரிப்புக்கும் சேர்த்து வித்தியாசம் 2 கிராம்கூட இல்லை. ஆனால் 600 மி.மீ. நீளம், 60 மி.மீ. உயரம் உள்ள இரண்டு உடற்பகுதிப் பக்கங்களை 2.4 மி.மீ. பலகையில் வெட்டினால் வித்தியாசம் 10 கிராமைத் தொடும். சிறகின் முன்பகுதியை மூடும் 1 மி.மீ. தோல்பலகையில் இன்னொரு 5 கிராம். ஆகவே இலேசான பலகைகளைப் பெரிய பரப்புகளுக்கு ஒதுக்குங்கள். ரிப்புக்கு விறைப்புதான் முக்கியம்.

ரிப்பில் எடைகுறைப்பு ஓட்டைகள் போடும் ஆசையையும் இதே கணக்கு அடக்கிவிடும். 9 மி.மீ. ஓட்டை மூன்று போட்டால் ஒரு ரிப்பில் மிச்சமாவது 0.03 கிராம். 13 ரிப்பிலும் சேர்த்து அரை கிராம் தேறாது. அதற்காக 39 ஓட்டைகளை வெட்ட இயந்திரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு பலவீனமான இடத்தை உண்டாக்குகிறோம். சர்வோ (சிறகு, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) கம்பி போக ஓட்டை வேண்டுமென்றால் போடுங்கள். அழகுக்கு என்றாலும் சரி, உங்கள் விருப்பம். எடைக்காக என்றால் வேண்டாம்.

அடுத்தது நார். மரக்கட்டையிலிருந்து பலகையை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி என்று மூன்று வகை சொல்வார்கள். ஏ வகை நீளமான நேர்க்கோடுகளோடு இருக்கும், அகலவாக்கில் சுலபமாக வளையும். உருண்டையான இடங்களைப் போர்த்த நல்லது. சி வகையின் மேற்பரப்பில் அரிசி நொய்யைத் தூவியதுபோல மினுக்கும் புள்ளிகள் தெரியும். அகலவாக்கில் வளைத்தால் வளையாது, பட்டென்று பிளக்கும். இந்த விறைப்புதான் ரிப்புக்கும் வால் பகுதிக்கும் தேவை. பி இரண்டுக்கும் நடுவில். சி பலகைகளைப் பார்த்த இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் கிடைக்காது.

நம் ஊர் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால், மரத்தில் அதன் காய்ந்த எடையில் 16 விழுக்காடு அளவுக்கு நீர் இருக்கும். 60 விழுக்காட்டில் இது 11 ஆகக் குறைகிறது. பலகை அகலவாக்கில் உப்பும், குழியாக வளையும், வெட்டும்போது நார் கிளம்பும். மூடி இறுக்கமான நீளப் பெட்டியில், அலமாரிக்கு வாங்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றோடு போட்டு வையுங்கள். வெட்டுவதற்கு முந்தின இரவு ஏர்கான் அறையில் தட்டையாக வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் போதும். ஏற்கெனவே வளைந்துவிட்ட பலகை என்றால், குழிந்த பக்கத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து அதே மாதிரி பாரம் வையுங்கள்; அந்தப் பக்கம் விரிந்து பலகை நேராகும். காய்ந்த பிறகே இயந்திரத்துக்குப் போக வேண்டும்.

இயந்திரத்தைத் தயார் செய்வது

3018 என்றால் 300 க்கு 180 மி.மீ. வேலைப்பரப்பு. பெரும்பாலானவற்றில் இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள், 775 மோட்டார், நிமிடத்துக்கு 10,000 சுற்று அளவில் வேகம், 3.175 மி.மீ. தண்டுள்ள பிட் பிடிக்கும் ஈஆர்11 காலெட். பால்சாவுக்கு இது தாராளம். சரிபார்க்க வேண்டியவை மூன்றுதான்.

ஒன்று, தூர அளவு. 100 மி.மீ. நகரச் சொல்லி வெர்னியரால் அளந்து பாருங்கள். ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும் டி8 திருகும் 16 மைக்ரோஸ்டெப்பும் உள்ள இயந்திரத்தில் ஜிஆர்பிஎல் அமைப்புகளான $100, $101 (ஒரு மி.மீ. நகர எத்தனை ஸ்டெப் என்பது) இரண்டும் 800 என்று இருக்க வேண்டும். இரண்டு, தளர்ச்சி. 20 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டி இரண்டு திசையிலும் அளங்கள். ஒரு பக்கம் 20, இன்னொரு பக்கம் 19.7 என்று வந்தால் அந்த அச்சின் திருகு நட்டை இறுக்க வேண்டும். மூன்று, அடிப்பலகை. 6 மி.மீ. எம்டிஎஃப் ஒன்றைப் பொருத்தி, அதன் மேற்பரப்பு முழுவதையும் இயந்திரத்தாலேயே சீவி எடுங்கள். 1.5 மி.மீ. பால்சாவில் 0.3 மி.மீ. மேடுபள்ளம் என்பது மன்னிக்க முடியாத பிழை. எம்டிஎஃப்பும் ஈரத்தில் உப்பும். சில வாரம் சும்மா கிடந்திருந்தால் மறுபடி ஒரு 0.2 மி.மீ. சீவிவிட்டுத் தொடங்குங்கள். அதன் ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்துவைத்தால் உப்புவது குறையும்.

பிட் விஷயத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள்: சாதாரண மேல்நோக்கி முறுக்கிய பிட், தூளோடு சேர்த்து மெல்லிய பலகையையும் மேலே இழுக்கும், மேல் ஓரத்தைப் பிய்த்தும் விடும். கீழ்நோக்கி முறுக்கியது, அல்லது மின்பலகை வெட்டப் பயன்படுத்தும் சோளக்கதிர் வகைப் பிட், பால்சாவுக்குப் பொருத்தம். 1 மி.மீ. விட்டத்தில் ஐந்தாறு வாங்கிவைத்தால் நெடுநாள் ஓடும். கொஞ்சம் மழுங்கினாலும் பால்சாவில் உடனே தெரிந்துவிடும், அதனால் பிளைவுட் வெட்டிய பிட்டைத் திரும்பப் பால்சாவுக்குக் கொண்டுவராதீர்கள்.

வரைபடம்

கிளார்க் ஒய், வர்ஜினியஸ் கிளார்க் 1922 இல் வடிவமைத்தது. அகலத்தில் 11.7 விழுக்காடு தடிமன், அதாவது நம் 135 மி.மீ. ரிப்பில் 15.8 மி.மீ. கீழ்ப்பக்கத்தின் பெரும்பகுதி தட்டை என்பதால் மேசைமேல் வைத்துக் கட்ட வசதி. இதன் புள்ளிகளை இலினாய் பல்கலைக்கழகத்தின் சிறகு வடிவத் தரவுத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் புள்ளிகளை நேர்க்கோடுகளால் இணைத்து அப்படியே அனுப்பினால், சிறகின் முன்மூக்கில் சின்னச் சின்னப் பட்டைகள் தெரியும். சரி என்று புள்ளிகளை நூற்றுக்கணக்கில் கூட்டினால் இன்னொரு சிக்கல்: ஜிஆர்பிஎல் ஒரே நேரத்தில் சில கட்டளைகளைத்தான் முன்கூட்டிப் பார்க்கும். மிகக் குட்டியான கோடுகள் வரிசையாக வந்தால் இயந்திரம் திக்கித் திக்கி ஓடும், திக்கும் இடத்தில் பிட் மரத்தைத் தேய்த்துக்கொண்டே நிற்கும். புள்ளிகளின்மேல் ஒரு வளைகோட்டைப் பொருத்தி, அதை வட்டவில்களாக மாற்றி ஜி-கோட் (இயந்திரத்துக்கான கட்டளை வரிகள்) எடுங்கள். ஃபியூஷன், ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள்கள் இரண்டிலும் இதற்கு வழி உண்டு.

ரிப்பின் வால்நுனியை முழுதாகக் கூராக்க வேண்டாம். பின்விளிம்புக்குத் தனிக்குச்சி ஒட்டத்தான் போகிறோம். ரிப்பை 110 மி.மீ. சுமாருக்கு வெட்டி நிறுத்தி அந்தக் குச்சியோடு சேருங்கள். கூரான நுனி பிட்டின் இழுப்பைத் தாங்காமல் பிய்ந்து பறக்கும்.

சிறகின் நீளத்துக்கும் ஓடித் தாங்கும் குச்சியான ஸ்பார் உட்காரும் பள்ளங்களுக்கு வருவோம். 1 மி.மீ. பிட் உள்மூலையில் அரை மி.மீ. வளைவை விட்டுவிடும். சதுரக் குச்சி அதில் முழுதாக உட்காராது. மூலையில் பிட் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்புமாறு நாய்எலும்பு வடிவம் போடலாம். பால்சாவில் கத்தி நுனியால் ஒரு தட்டுத் தட்டினாலே மூலை சதுரமாகிவிடும் என்பதால் ரிப்புக்கு நான் அதைப் போடுவதில்லை. பிளைவுட்டுக்குக் கட்டாயம் போடுவேன்.

பள்ளத்தின் அகலம்தான் உண்மையான தலைவலி. மலிவான ஸ்பிண்டிலில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்த் தலை) பிட் துல்லியமாக நடுவில் சுற்றாது, கொஞ்சம் ஆடும். 1 மி.மீ. பிட் 1.1 மி.மீ. வெட்டும். அதனால் பெட்டியில் போட்டிருக்கும் விட்டத்தை நம்பாதீர்கள். துண்டுப் பலகையில் ஒரு கோடு வெட்டி, அதன் அகலத்தை அளந்து, அந்த எண்ணையே மென்பொருளில் பிட்டின் விட்டமாகக் கொடுங்கள். பிறகு 2.8, 2.9, 3.0, 3.1 மி.மீ. என்று நான்கு பள்ளங்களை வெட்டி, நீங்கள் வாங்கியிருக்கும் அதே ஸ்பார் குச்சியைச் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினால் உள்ளே போய், தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்கும் அளவுதான் சரி. 3 மி.மீ. என்று விற்கும் குச்சிகள் எல்லாம் 3 மி.மீ. இருப்பதில்லை, ஒவ்வொரு கட்டுக்கும் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

இன்னொன்று, எல்லா ரிப்பிலும் ஒரே இடத்தில் 3 மி.மீ. ஓட்டைகள் இரண்டு வையுங்கள். கட்டும்போது இரண்டு எஃகுக் கம்பிகளில் ரிப்களைக் கோர்த்தால் முறுக்கே இல்லாமல் சிறகு நிற்கும். எடைகுறைப்பு ஓட்டைகளை வேண்டாம் என்ற நான் இதை மட்டும் விடமாட்டேன்.

பலகையில் அடுக்குவது

ரிப்பின் நீளவாக்கில் நார் ஓட வேண்டும். மென்பொருளின் தானியங்கி அடுக்கலை இயக்கினால் அது இடத்தை மிச்சம் பிடிக்க ரிப்பைத் திருப்பிப் போட்டுவிடும். சுழற்ற அனுமதிக்கும் தேர்வை அணைத்துவையுங்கள். 180 பாகை திரும்புவதில் மட்டும் பிரச்சினை இல்லை. தலைவால் மாற்றி அடுக்கினால் மூக்குப் பக்கத்துக்கு வால் பக்கம் வந்து இடம் மிச்சமாகும்.

915 மி.மீ. பலகையை 290 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் மூன்று கிடைக்கும். ஒவ்வொன்றையும் 300 மி.மீ. திசையில் படுக்க வைத்தால், ஒரு துண்டில் நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் நான்கு என்று 8 ரிப் நிம்மதியாக உட்காரும். இரண்டு துண்டில் ஒரு சிறகு முடிந்துவிடும், கூடுதலாக மூன்று ரிப் கையில் இருக்கும். பாகங்களுக்கு இடையே 4 மி.மீ. இடைவெளி விடுங்கள்; அதற்குக் கீழே போனால் நடுவில் நிற்கும் மெல்லிய பட்டை உடைந்து பிட்டில் சிக்கும்.

உடற்பகுதிப் பக்கம் 600 மி.மீ. நீளம், இயந்திரத்துக்குள் அடங்காது. 3018 இல் மேசை முன்பின்னாக நகர்வதால் நீளப் பலகையை அந்தத் திசையில் நீட்டிவைத்து, 150 மி.மீ. தள்ளித்தள்ளி, ஊசி ஓட்டைகளால் இடம் குறித்து வெட்டலாம். முடியும், ஆனால் பலன் குறைவு. நீளமான நேர்க்கோட்டை எஃகு ஸ்கேலும் புதுக் கத்தியும் இதைவிடச் சுத்தமாக, ஒரு நிமிடத்தில் வெட்டிவிடும். தடுப்புச் சட்டங்கள், ரிப்கள், வால் நுனிகள், சர்வோ தட்டு இவற்றை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுப் பக்கப் பலகைகளைக் கையாலேயே வெட்டுங்கள்.

வெட்டுப்பாதையும் வேகமும்

வரிசை எப்போதும் இதுதான்: முதலில் ஓட்டைகள், பிறகு உள்பள்ளங்கள், கடைசியில் வெளிவரம்பு. வெளிவரம்பை முதலில் வெட்டினால் பாகம் பிடிமானம் இழந்த பிறகு அதில் ஓட்டை போட வேண்டியிருக்கும்.

பிட் உள்ளே இறங்கும் இடத்தை ரிப்பின் தட்டையான கீழ்ப்பக்கத்தில் வையுங்கள். அங்கே ஒரு சின்னத் தழும்பு விழும், இரண்டு தடவை உப்புத்தாள் தேய்த்தால் போய்விடும். மூக்கில் விழுந்தால் சிறகின் வடிவமே கெடும்.

வெளிவரம்பை இடஞ்சுழியாகச் சுற்றினால் அது வழக்கமான வெட்டு. வலஞ்சுழியாகச் சுற்றினால் பிட் மரத்தின்மேல் ஏறிக்கொண்டு வெட்டும். இறுக்கம் குறைவான சின்ன இயந்திரத்தில் வழக்கமான வெட்டுதான் நிதானம். ஆனால் உங்களிடம் உள்ள மரம் எதில் குறைவாக நார் கிளப்புகிறது என்று ஒரே ரிப்பை இரண்டு விதமாக வெட்டிப் பார்த்துவிடுங்கள். மென்மையான மரம் சில சமயம் எதிர்பார்த்ததற்கு மாறாக நடக்கும்.

தொடக்கத்துக்கு இந்த எண்கள்: 1 மி.மீ. பிட், 10,000 சுற்று, 1.5 மி.மீ. பலகைக்கு ஒரே முறையில் நிமிடத்துக்கு 500 மி.மீ.; 3 மி.மீ. பலகைக்கு இரண்டு முறையாக, 600. விமான பிளைவுட்டுக்கு 300, ஒவ்வொரு முறைக்கும் அரை மி.மீ. ஆழம். பிறகு தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று சின்னச் செதில்கள் தெரிந்தால் சரி. மாவாக இருந்தால் பிட் வெட்டவில்லை, தேய்க்கிறது, பிட் நகரும் வேகத்தைக் கூட்டுங்கள். பயந்துகொண்டு வேகத்தைக் குறைப்பது பால்சாவில் எதிர்விளைவைத்தான் தரும்: சூடு ஏறும், ஓரம் பஞ்சாகும்.

பிடித்துவைப்பது

கிளாம்பு போட்டால் ஓரம் மட்டும் பிடிபடும், நடுப்பகுதி மத்தளம் மாதிரி அதிரும். பட்டையான இரட்டைப்பக்க டேப் நன்றாகப் பிடிக்கும். எடுக்கும்போது ரிப்பின் பாதி டேப்போடு போய்விடும். நம்பகமானது பெயின்டர் டேப்பும் சூப்பர் குளூவும்.

அடிப்பலகையில் பெயின்டர் டேப்பைப் பட்டை பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பக்கத்தில் பக்கமாக ஒட்டுங்கள். பால்சாவின் அடிப்பக்கத்திலும் அதே மாதிரி முழுதும் ஒட்டுங்கள். கிரெடிட் கார்டால் அழுத்தித் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஒரு டேப்பின் முதுகில் நடுத்தர சூப்பர் குளூவை மெல்லிய கோடுகளாக, 3 செ.மீ. இடைவெளியில் விட்டு, பலகையைக் கவிழ்த்து வைத்துத் தட்டையான கட்டையால் அழுத்துங்கள். காற்றிலுள்ள ஈரம்தான் இந்தப் பசையை இறுக்குகிறது. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை என்பதால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நேராக வைக்கக் கிடைப்பது ஒரே வாய்ப்பு, அதனால் ஒரு ஸ்கேலை ஓரமாக வைத்து அதில் ஒட்டி இறக்குங்கள்.

இந்த முறையில் பாகத்தைப் பிடித்துவைக்கும் சிறு பாலங்கள் தேவையில்லை. வெட்டி முடித்த பிறகும் ரிப் டேப்பின்மேலேயே உட்கார்ந்திருக்கும். பாலத்தை அறுத்துத் தேய்க்கும் வேலை முழுதும் மிச்சம்.

மரம் மிக மென்மையாக இருந்து மேல்பரப்பில் நார் கிளம்பினால், மேலேயும் ஒரு பெயின்டர் டேப் ஒட்டி அதோடு சேர்த்து வெட்டுங்கள். அல்லது முன்கூட்டியே மெல்லிய சாண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். எடை கூடுவது தெரியாது.

உயரத்தைக் குறிப்பது

வழக்கமாகப் பலகையின் மேற்பரப்பைப் பூஜ்யமாக வைப்பார்கள். பால்சாவில் அப்படிச் செய்யாதீர்கள். 1.5 மி.மீ. என்று விற்ற பலகை ஒரு ஓரத்தில் 1.4, மறு ஓரத்தில் 1.7 இருக்கும். சீவிச் சமன் செய்த அடிப்பலகைதான் நம்பத் தகுந்தது. அதன்மேல் ஒரு தாளை வைத்து, தாள் உரசிப் பிடிக்கும் வரை பிட்டை இறக்கி, தாளின் கனம் 0.1 மி.மீ. கழித்து, அங்கே பூஜ்யம் வையுங்கள். இரண்டு டேப்பும் பசையும் சேர்ந்து கால் மி.மீ. இருக்கும், பால்சா அதற்கு மேலே தொடங்குகிறது. ஆகவே கடைசி வெட்டை பூஜ்யத்துக்கு 0.1 மி.மீ. மேலே நிறுத்தினால் மரம் முழுதாக அறுபடும், டேப்பில் கோடு விழும், அடிப்பலகையில் கீறல் விழாது.

ஓடவிடுவது

முதலில் பிட்டை 10 மி.மீ. மேலே தூக்கிவைத்து, ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, முழுப் பாதையையும் காற்றில் ஓடவிடுங்கள். எல்லைக்கு வெளியே போகிறதா என்று இப்போதே தெரிந்துவிடும்.

தூசிக்கு வாக்கும் கிளீனர் குழாயைப் பிட்டுக்குப் பக்கத்தில் கட்டுங்கள், ஆனால் வாக்குமையும் இயந்திரத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். வாக்கும் மோட்டாரின் மின்னிரைச்சல் யுஎஸ்பி இணைப்பைத் துண்டித்து, எட்டாவது ரிப்பின் நடுவில் எல்லாம் நின்றுபோகும். கணினி தூங்கப் போகும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். என்95 முகக்கவசம் போடுங்கள். பால்சாத் தூள் மிக நுண்மையானது, மூக்கிலும் தொண்டையிலும் அரிக்கும். 1 மி.மீ. பிட் உடைந்தால் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கட்டாயம்.

இயந்திரத்தின் கால்களுக்கடியில் தடித்த ரப்பர் பாய் விரித்தால் கீழ்வீட்டுக்கு அதிர்வு போகாது. உண்மையில் ஸ்பிண்டிலைவிட வாக்கும்தான் அதிகம் கத்தும். வார நாள் பகலிலோ மாலையிலோ வெட்டுங்கள். இரவு 10 மணிக்கு மேல் "இன்னும் இரண்டு ரிப்தான்" என்று தொடங்காதீர்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது. இயந்திரம் ஓடும்போது அறையை விட்டுப் போகக் கூடாது. காதைக் கொடுத்து வையுங்கள். சீரான ஓசை திடீரென்று கீச்சிட்டால் பிட் மழுங்கிவிட்டது அல்லது பலகை எங்கோ கிளம்பிவிட்டது, உடனே நிறுத்துங்கள்.

பிரித்தெடுப்பது

பாகங்களை ஒன்றொன்றாக நெம்பி எடுக்க வேண்டாம். முதலில் அவை டேப்பில் இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணும், எந்தப் பக்கம் மேல் என்பதும் எழுதிவிடுங்கள். பிறகு அடிப்பலகையிலிருந்து கீழ் டேப்பை ஓரத்தில் கிளப்பி, பலகை முழுவதையும் ஒன்றாகவே எடுங்கள். அதை மேசையில் கவிழ்த்துப் போட்டு, மரத்திலிருந்து டேப்பை உரியுங்கள், டேப்பிலிருந்து மரத்தை அல்ல. ரிப்பை ஒரு விரலால் மேசையோடு அழுத்திக்கொண்டு, டேப்பைத் தன்மேலேயே மடித்து, நார் ஓடும் திசையில் மெதுவாக இழுக்க வேண்டும். குறுக்காக இழுத்தால் ரிப் இரண்டாகப் பிளக்கும், அதுவும் சி வகை மரம் யோசிக்கவே யோசிக்காது.

ஓரத்தில் கொஞ்சம் பஞ்சு இருக்கும். எல்லா ரிப்களையும் இரண்டு கம்பிகளில் கோர்த்து ஒரே கட்டாகப் பிடித்து, கட்டையில் சுற்றிய 320 உப்புத்தாளால் மூக்கிலிருந்து வால் பக்கமாக நாலு இழுப்பு இழுத்தால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் இயந்திரம் கொடுத்த துல்லியம் தூளோடு போய்விடும். ஸ்பார் குச்சியை அந்தக் கட்டின் பள்ளங்களில் முழு நீளத்துக்கும் படுக்க வைத்துப் பாருங்கள். எந்த ரிப்பாவது மேலே தூக்கினால் அதை மட்டும் எடுத்துக் கத்தி நுனியால் மூலையைச் சதுரமாக்குங்கள்.

முடிந்ததும் ஒரு செட் ரிப்களையும் சேர்த்துத் தராசில் போட்டு எண்ணைப் பெட்டியின்மேல் எழுதி, ஈரம் உறிஞ்சும் டப்பாவோடு மூடிவையுங்கள். ஜி-கோட் கோப்பின் பெயரிலேயே பிட்டின் அளந்த விட்டம், பலகையின் கனம், வேகம் மூன்றையும் சேர்த்துவிட்டால் அடுத்த சிறகுக்குத் தேட வேண்டியிருக்காது. கட்டி முடித்துப் பேட்டரியும் ரிசீவரும் ஏற்றிய பிறகு இன்னொரு முறை எடை பாருங்கள். 250 ஐத் தாண்டினால் பதிவு. அதற்குள் இருந்தாலும் விமானத் தளங்களின் 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளும், கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேலேயும் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. உங்கள் வட்டாரம் அந்த வளையத்துக்குள் வருகிறதா என்று ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.